படிவத்தில் ஒரு கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். அன்றாட உறவுகளில் கிறிஸ்தவ விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் குறைவு. அதனால் ஒரே ஒரு உறவை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகள் தேவை பக்கத்தை விரித்தால், கிறிஸ்தவ வீட்டு விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். பெண் இரட்சிக்கப்பட்டவளாக இருக்க வேண்டும், ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், முடிந்தால் ஊழிய வாஞ்சையும் வேண்டும். அப்புறம் சாதிப் பெயர். சில விளம்பரங்களில் உட்பிரிவும் சேர்ந்து வரும். செல்போனில் பார்க்கும் திருமணத் தளங்களிலும் இதே கதைதான்: சபை எது என்று ஒரு கட்டம், சாதி எது என்று இன்னொரு கட்டம். இரண்டாவது கட்டம் பொருந்தாவிட்டால் முதல் கட்டத்தை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"அதெல்லாம் உலகப் பழக்கம், விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்பவர்கள் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்தார்கள். வந்ததும் பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். இத்தனைக்கும் புறஜாதியாரான கொர்நேலியு வீட்டுக்குப் போய், தேவன் பட்சபாதமுள்ளவர் அல்ல என்று வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். அவர் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, உபதேசத்திலும் ஒரு வரி மாறவில்லை. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். தன் உடன் ஊழியரான பர்னபாவே விலகினார் என்கிறபோது பவுலின் வேதனை அந்த வரியில் தெரிகிறது. இதைத் தனியாகக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது உண்டு. பவுல் அப்படிச் செய்யவில்லை. எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டார். பந்தியில் நடப்பது சுவிசேஷத்தின் சத்தியத்தைத் தொடுகிறது என்று அவர் நினைத்தார். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிற வசனம் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. அந்தச் சாப்பாட்டுச் சண்டைக்குப் பிறகு எழுதின வசனம் அது.

நம் ஊரிலும் இந்தச் சண்டை பழையதுதான். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். அங்கே 1872-ல் எழும்பிய ஆலயம் இரண்டு கால் பிரிந்த கால்சட்டையின் வடிவம் கொண்டது. ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள், நடுவே தடுப்பு. இரண்டு பக்கமும் பீடத்தில்தான் போய்ச் சேரும். குருவானவரை இரு தரப்பும் பார்க்கலாம், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இப்படி ஒரு கட்டடத்தைக் கட்ட எவ்வளவு யோசித்திருப்பார்கள்! 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். தனி இடம் வைத்திருந்த சாதியார் அதற்கு உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

இன்று ஆலயத்துக்குள் அப்படிச் சுவர் எழுப்ப யாருக்கும் துணிச்சல் வராது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், அசனம் என்கிற சபை விருந்தில் ஒரே பந்தியில் உட்காருகிறோம். ஆனால் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. கல்யாணப் பேச்சிலோ அநேகமாக எல்லா ஊரிலும் நிற்கிறது.

குமரி மாவட்டத்து நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தோள்சீலை உரிமைக்காக, அதாவது மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காக, நம் பாட்டிகள் தெருவில் அடிபட்டார்கள். 1859-ல்தான் திருவிதாங்கூர் மன்னர் இறங்கிவந்து பிரகடனம் வெளியிட்டார். அந்தப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகளான நாம் இன்று பெண் பார்க்கப் போகும்போது கேட்கிற முதல் கேள்வி என்ன?

"பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டுமே" என்பார்கள். சரி, நியாயமான கவலைதான். ஆனால் மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்றால், அவர் சாப்பாடு என்ன, சகவாசம் என்ன என்று எதுவும் தெரியாமலே தலையாட்டுகிறோமே! அதே தெருவில் இருபது வருஷமாக நம்மோடு பாடகர் குழுவில் பாடின குடும்பத்தின் பழக்கவழக்கம்தான் நமக்குப் புரியாமல் போகிறது. வரதட்சணையைப் பற்றி நான் விரிவாகச் சொல்லப்போவதில்லை. 1961 முதல் அது சட்டப்படி குற்றம். அதை வாங்கிக்கொண்டு பீடத்தின் முன் முழங்கால் போடுகிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாதிச் சான்றிதழ் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். நடந்த அநீதிக்கு ஈடுசெய்ய அரசு கேட்கிற கணக்கு அது, சம்பந்தம் பேசுகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. தலித் கிறிஸ்தவர்களின் நிலையைப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி, சில சீக்கியப் பிரிவுகள் நீங்கலாக, இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் மற்ற சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. நீ மதம் மாறிவிட்டாய், அந்தச் சாதிக்கான சலுகை உனக்கு இல்லை என்கிறது அரசு. நீ மாறினாலும் சாதி மாறவில்லை என்கிறது சபை. அந்தக் குடும்பம் எங்கே போய் நிற்கும்?

இளைஞர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு சபையில், ஒரு வேதபாட வகுப்பில் யாரையாவது சந்தித்து, வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். பிள்ளை கெட்டுவிட்டான், நவீன கலாச்சாரம் கெடுத்துவிட்டது என்று போதகரிடம் ஜெபிக்கச் சொல்கிறோம். விசுவாசமுள்ள ஒருத்தியைப் பிள்ளை தேடிக்கொண்டதற்கு எதற்கு உபவாச ஜெபம்? அவளுடைய அப்பா அம்மாவை வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். முதல் அடியைப் பையன் வீட்டார் எடுத்து வைப்பது நல்லது. நம் ஊர் வழக்கத்தில் பெண் வீட்டாருக்கு அந்தத் துணிச்சல் வராது.

போதகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கிற அதே பீடத்தில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கித்து நான் அதிகம் கேட்டதில்லை.

உங்கள் சபையில் திருமணத் தகவல் மையம் இருந்தால், அதன் படிவத்தை ஒன்று வாங்கிப் பாருங்கள். சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அதை எடுத்துவிடும்படி கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வரன் தேடுகிற வருஷத்திலேயே எழுதினால் இன்னும் நல்லது. வணக்கம்.