முள் தைத்தது ஓரிடம்

(நூலக வார விழாவையொட்டி, அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன். கரண்ட் போய் வந்த பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.)

நான் நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். முன்வரிசை ஆச்சி, "என்னய்யா, கால்ல வாதமா?" என்று கேட்டேவிட்டார்கள். வாதமெல்லாம் இல்லை ஆச்சி. போன வாரம் வேலி அடைக்கப் போன இடத்தில் உடைமுள் குதிகாலில் ஏறிவிட்டது. ஊக்கை வைத்துத் தோண்டிப் பாதியை எடுத்தேன். மீதி உள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் சீழ் கோத்தது. தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. நெறி கட்டிவிட்டது.

"எங்கேயோ தேள் கொட்ட, எங்கேயோ நெறி கட்டிச்சாம்" என்று சொலவடை சொல்வார்கள். சம்பந்தமில்லாமல் பேசுகிறவனைக் கேலி செய்வதற்கு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தமும் சளியும் பார்த்த லேப் டெக்னீசியன் நான். எனக்கும் அந்தச் சொலவடைக்கும் ஒரு வழக்கு உண்டு. காலில் புண் என்றால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் என்றால் அக்குளில். சொத்தைப் பல் என்றால் தாடைக்குக் கீழே. இதைவிடச் சம்பந்தமுள்ள காரியம் உடம்பில் உண்டா?

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'நோய்களும் அவற்றின் காரணங்களும்'. நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அதைப் பேசி முடிக்க இன்னொரு ஆயுள் வேண்டும். எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். உடம்பில் ஏதாவது நடந்தால், இது யார் பார்த்த வேலை? கிருமியா, உடம்பா?

சீழை எடுத்துக்கொள்வோம். பார்த்தாலே முகத்தைச் சுளிப்போம். ஒரு பொட்டு சீழைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, காயவைத்து, சாயம் விட்டுக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். இடமே இல்லாமல் நெருக்கியடித்துக் கிடப்பவை வெள்ளை அணுக்கள், நியூட்ரோபில் என்கிற வகை. நடுவில் ஊதா நிறத்தில் கரு, மூன்று நான்கு துண்டாக, நூலில் கோத்த மாதிரி இருக்கும். சிலவற்றின் வயிற்றுக்குள் கருநீலப் புள்ளிகள் தெரியும். அவை விழுங்கிய கிருமிகள். பல அணுக்கள் ஓரம் பிய்ந்து, உப்பி, செத்துக் கிடக்கும். சீழ் என்பது பெரும்பாலும் இந்தப் பிணங்கள்தான். நம்முடைய எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. சாகத்தான் அனுப்புகிறது.

இதை முதலில் கண்டுபிடித்ததும் ஒரு முள்ளால்தான். 1882-ல் இத்தாலியில் சிசிலித் தீவு, மெசினா என்கிற ஊர். மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக மொய்த்து நின்றன. அதற்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கும் அதே முள் விவகாரம்தான், டெட்டனஸ் ஊசியோடு முடிந்துவிட்டது.

சரி, நெறிக்கு வருவோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்துக்குள் ஒருவன், திருடனின் சட்டையிலிருந்து கிழித்த துணுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தத் துணி யாருக்காவது அடையாளம் தெரியுதா வே?" என்று ஒவ்வொரு ஆளிடமும் காட்டிக்கொண்டே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேரில் ஒருவனுக்குத்தான் தெரியும். நெறிக்குள் நடப்பது அதுதான். புண்ணிலிருந்து ஒரு வகை அணு, கிருமியின் துணுக்கைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற நிணநீர் முடிச்சுக்கு வந்து சேரும். அங்கே காத்திருக்கும் லட்சக்கணக்கான அணுக்களில், அந்தத் துணுக்கோடு பொருந்துகிற ஒன்றிரண்டைத் தேடிப் பிடிக்கும். பொருந்தியது இரண்டாகி, நாலாகி, ஆயிரமாகிப் பெருகும். முடிச்சு வீங்கும், தொட்டால் வலிக்கும். இதற்கு நாலைந்து நாள் முதல் ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் அந்தச் சாகிற பட்டாளம். தடுப்பூசியும் இதுதான், திருடனே வராமல் அவன் சட்டையை மட்டும் காட்டுவது.

அதனால் நெறி கட்டினால் விளக்கெண்ணெய் போட்டு அழுத்தி உருவாதீர்கள். உள்ளே வேலை நடக்கிறது. ஆனால் ஒன்று. கழுத்தில் வலியே இல்லாமல் கட்டி, மூன்று வாரம் தாண்டியும் கரையாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்தால், அது வேறு கதை. அந்தக் காலத்தில் கண்டமாலை என்பார்கள். பாதிக்குமேல் காசநோயாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். காசநோய்க் கிருமியை உடம்பால் சுலபத்தில் கொல்ல முடியாது. சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்து வைத்துவிடும். கிருமி உள்ளே நுழைந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். சுகரோ பட்டினியோ வந்தால் சுவர் இடியும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அக்கா, "எனக்கு இருமல்தான், நோய் கிடையாது" என்று எட்டு மாதம் இருமிக்கொண்டே இருந்தார். சளியைச் சாயம் போட்டதும் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற வட்டம் முழுக்கச் சிவப்புக் குச்சி குச்சியாகக் காசநோய்க் கிருமி.

காய்ச்சலும் உடம்பு போடுகிற வேலைதான். மூளைக்குள் இருக்கிற வெப்ப அளவை உடம்பே தூக்கி வைக்கிறது. அதனால்தான் 102 டிகிரி அடிக்கிறபோதும் "குளிருது, போர்வையைக் குடு" என்கிறோம். நடுக்கம் என்பது தசை அடுப்பு மூட்டுவது. 1975-ல் அமெரிக்காவில் பாலைவன ஓணான்களுக்குக் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். ஓணானுக்கு உள்ளே அடுப்பு கிடையாது, சூட்டைத் தேடி நகரத்தான் முடியும். சூடான இடத்தில் இருந்தவை பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் அடைக்கப்பட்டவை அதிகம் செத்தன. வேலியில் ஓணான் வெயில் காய்ந்தால் இனிமேல் கல்லை எறியாதீர்கள். பிள்ளை துவண்டு கிடந்தால் பாராசிட்டமால் கொடுங்கள், தப்பில்லை. "ஊசி போட்டாத்தான் காச்சல் நிக்கும்" என்று மட்டும் யாரிடமும் போய் நிற்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கிருமியின் வேலை ஒன்று. நம்மூரில் கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவோம்? "கழிச்சல்ல போவான்!" "பேதியில போவான்!" சிரிக்கிறீர்கள். அது வசவு இல்லை, வரலாறு. காலரா ஊர் ஊராகக் காலி செய்த காலத்தின் மிச்சம் நம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கழிச்சல் உடம்பு தன்னைச் சுத்தம் செய்வதற்காக வருவதில்லை. கிருமி வெளியிடும் நஞ்சு, குடல் சுவரின் மடையைத் திறந்துவிட்டு மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உப்பு வெளியே கொட்டுகிறது, பின்னாலேயே தண்ணீர். கடுமையாக இருந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். கிருமிக்கு லாபம், அடுத்த குளத்துக்கு, அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த நஞ்சைக் கண்டு காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே, 1959-ல்.

ஆனால் அந்த நஞ்சு ஒரு வாசலை மறந்துவிட்டது. சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே போகிற தனி வாசல். அது கடைசிவரை திறந்தே இருக்கும். தண்ணீரும் கூடவே உள்ளே போய்விடும். 1971-ல் வங்காள அகதிகள் முகாம், பன்காவ். சலைன் பாட்டில் தீர்ந்துபோய், திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாயில் வைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. நம் வீடுகளில், "கழிச்சலுக்குத் தண்ணி குடுத்தா இன்னும்லா போகும்" என்று பிள்ளையின் வாயைக் கட்டிவைத்தார்கள். வேறு சில வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி கொடுத்தார்கள். அரிசி மாவு குடலில் குளுக்கோஸாகத்தான் உடையும். வாசல் அதே வாசல். எந்த வீட்டுப் பிள்ளை பிழைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டெங்கு. 2012 நினைவிருக்கிறதா? தென்காசி பிரியாத காலம். கடையநல்லூர், மேலப்பாளையம் என்று மாவட்டமே படுத்துக் கிடந்தது. நல்ல தண்ணி நாலைந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் டிரம்மில்தானே பிடித்து வைப்போம்? ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். டிரம், சிரட்டை, பழைய ஆட்டுரல் குழி, எதுவும் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும்.

அந்த வருஷம் எனக்கு ஒரு ஆற்றாமை. எல்லோரும் ஓடி வந்து, "பிளேட்லெட் எவ்வளவு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்கள். பக்கத்திலேயே இன்னொரு எண் எழுதியிருப்பேன், பி.சி.வி. என்று. ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டுவது. அதை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டெங்குவில் ரத்தக் குழாய் கசியும். நீர் வெளியே போகும், குழாய்க்குள் ரத்தம் கெட்டிப்படும். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தக் கசிவு. அது எப்போது வரும் தெரியுமா? காய்ச்சல் விடுகிறபோது.

எங்கள் தெருவில் ஒரு பையன், ஒன்பது வயசு. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று இருக்கிறது. "சாமி கண்ணைத் திறந்துட்டாரு" என்று அவன் அம்மா தலைக்கு ஊற்ற வெந்நீர் போடுகிறாள். நான் எட்டிப் பார்த்தேன். பையன் உள்ளங்கை ஐஸ். வயிறு வலிக்கிறது என்கிறான். காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. முந்தின நாள் 38 இருந்த பி.சி.வி. அன்றைக்கு 47. வெந்நீரை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்றி, ரெண்டு நாளில் கசிவு நின்றது. இப்போது காலேஜ் படிக்கிறான். நிலவேம்புக் கஷாயத்தைக் குடிப்பவர்கள் குடியுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். பிள்ளை ஒன்றுக்குப் போகிறானா என்பதையும் பாருங்கள். அப்புறம் அந்த ஊசி. உடம்பு வலிக்குப் போடும் டைக்லோஃபினாக், ஆஸ்பிரின் வகையெல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கிளப்பிவிடும்.

டெங்குவில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. வைரஸ் நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிர்ப்பு நிற்கும். அடுத்த முறை வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் முடக்காது. பிடித்த பிடியோடு வெள்ளை அணுவின் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிடும். வைரஸ் அங்கேயே பெருகும். சொந்தக்காரன் சாயலில் இருக்கிறானே என்று காவல்காரனே கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. என் கேள்விக்கு இங்கே பதில் குழம்பிவிடுகிறது. இது யார் வேலை? ரெண்டு பேரும்தான்.

நேரம் ஆகிவிட்டது, நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஜன்னலோரம் மேசையில் என் பழைய மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சில்லில் இருப்பது என் குதிகால் சீழ்தான், முந்தாநாள் எடுத்தது. ரெண்டு ரெண்டு பேராக வாருங்கள். சின்னப் பிள்ளைகள் முதலில். மேசையை ஆட்டாதீர்கள், போகஸ் போய்விடும். ஆச்சி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.