பதின்மூன்றாம் மாதம்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் உதவிப் பணியாளராக நான் கழித்த முதல் ஆண்டைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். நான் இருந்த அகதிகள் முகாம் எந்த நாட்டில் உள்ளது என்பதைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னமும் வாழ்கிறவர்களை இந்தப் பேச்சு எவ்வகையிலும் அடையாளம் காட்டிவிடக் கூடாது.

என் பொறுப்பு குடிநீர். தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் 1997-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த, உதவிப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைக் கூறும் ஸ்பியர் கையேட்டை எங்கள் துறையில் அறியாதவர் இல்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மிகாமல், குடியிருப்பிலிருந்து குழாய் 500 மீட்டருக்குள், காத்திருக்கும் நேரம் 30 நிமிடத்துக்குள் என்று அதிலுள்ள அளவுகளை மனப்பாடம் செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதல் வாரத்திலேயே கணக்கெடுப்புத் தாளோடு ஒரு முதியவரைச் சந்தித்தேன். போதுமான தண்ணீர் கிடைக்கிறதா என்ற என் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் முடிப்பதற்குள் "கிடைக்கிறது" என்றார். அடுத்த கேள்வியை நான் தொடங்கும்போதே "அரை மணி நேரம்" என்றார். திரும்பி வரும் வழியில், சற்றுத் தயங்கிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "இதே தாளோடு அவரிடம் வருகிற ஆறாவது ஆள் நீங்கள்." எனக்குக் கையேடு மனப்பாடமாகியிருந்தது, அவருக்கு என் வினாத்தாள் மனப்பாடமாகியிருந்தது.

எனக்கு அது முதல் ஆண்டு, அவர்களுக்கு அது மற்றுமோர் ஆண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. நிதி தருவோர் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் பணம் தருவதால், எங்கள் ஒப்பந்தங்களும் ஆண்டுக் கணக்கிலேயே அமைகின்றன. ஆகவேதான் முகாமில் என்னிடம் யாரும் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. எப்போது போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். தொடக்கத்தில் அந்தக் கேள்வி என்னைப் புண்படுத்தியது. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் வாழ்க்கைக் கதையைத் திறந்து வைத்து, அவர்கள் போனபின் மறுபடி முதலிலிருந்து தொடங்கிக் களைத்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

அந்நிய மண்ணில் ஏற்படும் திகைப்பைப் பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. அடிக்கடி கை கழுவுவதையும், குடிநீரைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவதையும் அவர் அந்தத் திகைப்பின் அறிகுறிகளாகச் சொல்கிறார். தண்ணீரைச் சோதிப்பதே என் தொழில் என்பதால், எனக்கு அந்த நோய் முற்றியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. விடியற்காலையில் சிறு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, மாத்திரையைப் போட்டு, குளோரின் இருப்பதைக் காட்டும் இளஞ்சிவப்பு நிறம் எழுவதைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும், எனக்குப் புரிகிற ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும்.

முகாமில் வரிசையில் நிற்பவர்கள் மனிதர்கள் அல்லர், அவர்களுடைய கேன்கள். காலிக் கேனின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனால், அந்த இடம் அந்த வீட்டுக்கு உரியது. மேட்டுப் பகுதிக் குழாயடியில், அடிப்புற விரிசலை உருக்கிய பிளாஸ்டிக்கால் அடைத்திருந்த மஞ்சள் கேன் ஒன்று காலையில் மூன்றாவது இடத்தில் இருக்கும். நண்பகலில் நான் மறுபடி அவ்வழியே போகும்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். அதை நாள்தோறும் பார்த்தும் நான் பார்க்கவில்லை. என் அறிக்கையில் ஆளுக்கு 19 லிட்டர் என்ற சராசரி இருந்தது, அது பொய்யுமல்ல. பள்ளத்துக் குழாய்களில் தண்ணீர் பெருகி ஓடியதால், மேட்டுக் குழாய்கள் காலை ஒன்பது மணிக்கே வறண்டன. ஏழாவது மாதத்தில், ஒரு சிறுமி குழாயை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தீர்ந்துவிட்டது" என்று அதற்குப் பொருள். அந்த மொழியில் மொழிபெயர்ப்பாளர் இன்றி எனக்குப் புரிந்த முதல் முறையீடு அதுதான். கீழ்ப்பகுதிக்குச் செல்லும் குழாயில் ஒரு வால்வைப் பொருத்தி ஓட்டத்தைக் குறைத்தோம். இரண்டு நாள் வேலை. அதற்கு ஏழு மாதம் ஆனதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒன்பதாவது மாதத்தில் பாதுகாப்பு நிலைமை மோசமானது. வெளிநாட்டுப் பணியாளர்கள் இரண்டு மணி நேரத்தில் வண்டியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வண்டியில் இடம் இல்லை. அவர் உள்ளூர்ப் பணியாளர், விதி அப்படி. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் மீது நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தனர். அந்த நாளையே உலகம் மனிதநேயப் பணியாளர் நாளாக நினைவுகூர்கிறது. ஆனால் ஆண்டுதோறும் இப்பணியில் உயிரிழப்போரில் மிகப் பெரும்பாலோர், வண்டியில் இடம் இல்லாத இந்த உள்ளூர்ப் பணியாளர்களே. பதினோரு நாள் கழித்துத் திரும்பியபோது, குளோரின் குறிப்பேட்டில் ஒரு நாள்கூட விடுபட்டிருக்கவில்லை. எல்லாம் அவருடைய கையெழுத்து. நான் அவரிடம் சொல்ல நினைத்திருந்த எதையும் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டாம் மாதத்தில் ஒப்பந்தத்தை நீட்டிக்கும்படி எழுதிக் கொடுத்தேன். தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த வினாத்தாளோடு ஏழாவதாக ஒருவர் வருவதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் மாதம் அதே முதியவரிடம் போனேன். தாளை எடுத்துப் போகவில்லை. தண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறதா என்று அரைகுறையாக அவருடைய மொழியிலேயே கேட்டேன். பதில் உடனே வரவில்லை. "நீங்கள் இன்னும் போகவில்லையா?" என்றார். பிறகு ஒரு காலிக் கேனைக் கவிழ்த்து என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, "உட்காருங்கள்" என்றார்.