ஏன் நேரத்தோடு வெட்டவில்லை?

தலைவர் அவர்களே, வைத்தியர்களே, தாதியரே, குடும்பநல மருத்துவமாதுக்களே, திருகோணமலை வாழ் பெரியோர்களே,

நான் ஒரு சட்டத்தரணி. பிரசவ அறையைப் பற்றிய என் அனுபவம், இரண்டு பிள்ளைகளின் தகப்பனாக வெளி வாங்கில் காத்திருந்ததோடு சரி. ஆகவே சிசேரியன் எப்போது தேவை என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. அந்த முடிவின்மேல் எங்கள் தொழிலின் நிழல் எவ்வாறு விழுகிறது என்பதையே பேச வந்தேன்.

பிறந்த பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்து வழக்கு வந்தால், பெரும்பாலும் எழும் கேள்வி, ஏன் நேரத்தோடு வெட்டவில்லை என்பதே. அவசியமின்றி ஏன் வெட்டினீர்கள் என்று வழக்காட வருபவர் அரிது. ஏனெனில் அவசியமற்ற வெட்டின் தீங்கு காலம் கழித்தே வருகிறது. பழைய தழும்பின்மேல் நச்சுக்கொடி படிந்து கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் ஆபத்து, ஒவ்வொரு சிசேரியனுக்குப் பின்னும் கூடுகிறது. மூன்றாம் பிள்ளைக்காக மூதூரிலிருந்து இரவில் அம்புலன்ஸில் இரத்தப்போக்கோடு வரும் தாயின் முன் நிற்பவர் வேறொரு வைத்தியர். முதல் வெட்டுக்கு, அதைச் செய்தவரிடம் யார் கணக்குக் கேட்பது?

பிள்ளையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவியையும் பாருங்கள். அது சிசுவுக்கு வலிப்பு வருவதைக் குறைக்கிறது, மூளை பாதிப்பால் உடலசைவு குன்றும் மூளைவாதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, சிசேரியனையோ கூட்டுகிறது. ஆயினும் நீதிமன்றத்தில் அந்தக் காகித நாடாவே முதற்சாட்சி. அதிகாலை மூன்று மணிக்கு வைத்தியர் கணப்பொழுதில் பார்த்ததை, நாங்கள் மின்விசிறியின் கீழ் அமர்ந்து நாட்கணக்கில் படிக்கிறோம்.

2015 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்த்த மொன்ற்கொமரி வழக்கில், நீரிழிவுள்ள, உருவத்தில் சிறிய ஒரு தாய்க்கு, பிறக்கும்போது பிள்ளையின் தோள் சிக்கும் ஆபத்து 9 முதல் 10 வீதம் என்பது சொல்லப்படவில்லை. சொன்னால் அவர் சிசேரியன் கேட்பார் என்று வைத்தியர் எண்ணினார். தோள் சிக்கியது, பிள்ளைக்கு மூளைவாதம். நட்டஈடு 52.5 இலட்சம் பவுண். ரோமன்-டச்சுச் சட்டவழி நடக்கும் எங்கள் நீதிமன்றங்களை அத்தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதைக் காட்டி வாதிடலாம். வெட்டுங்கள் என்று அது சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றே சொன்னது. அச்சத்தில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதான் சங்கடம்.

ஒருமுறை சிசேரியன் செய்த தாய் அடுத்தமுறை சுகப்பிரசவத்துக்கு முயன்றால், ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அது கைகூடுகிறது. தழும்பு கிழிவது ஏறக்குறைய 200 இல் ஒருவருக்கு. இதை வலி தொடங்கும்வரை காத்திராமல், கிளினிக்கிலேயே அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லி, அவர் கேட்டதையும் கோப்பில் எழுதுங்கள். வைத்தியருக்காக வாதாடும்போது நான் முதலில் தேடுவது அந்த வரிகளைத்தான். ஒரு தாய்க்குக் கிளினிக்கில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதை, வாங்கில் இருந்தவன் என்ற முறையில், நானும் அறிவேன்.