புது ஆப் நல்லதா? டேட்டாவை அணைச்சுட்டுப் பாருங்க

[திரையில்: ஆப் ஸ்டோரில் "டார்ச்" என்று தேடியதும் நீளும் பட்டியல்]

வணக்கம். இந்தப் பட்டியலைப் பாருங்க. இதுல ஒண்ணுகூட உங்களுக்குத் தேவையில்லை. ஐபோன்ல 2013-ல வந்த ஐஓஎஸ் 7-லயும், ஆண்ட்ராய்டுல 2014-ல வந்த லாலிபாப்லயும் டார்ச் உள்ளேயே வந்தாச்சு. அந்த 2013-லதான், கோடிக்கணக்கானவங்க போட்டிருந்த ஒரு டார்ச் ஆப் அவங்க இருக்கிற இடத்தை விளம்பர கம்பெனிகளுக்குக் கொடுத்துச்சுன்னு அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்துச்சு. வெளிச்சம் அடிக்கிற ஆப்புக்கு உங்க லொகேஷன் எதுக்கு? ஒவ்வொரு புது ஆப்பையும் இதே மாதிரி கேட்டுப் பழகுங்க.

அதனால முதல்ல போன்ல ஏற்கெனவே என்ன இருக்குன்னு தேடுங்க. ஸ்கேனரையே எடுத்துக்கலாம்.

[திரையில்: கறுப்பு மேஜை மேல் வெள்ளைத் தாள், நேர் மேலே போன்]

ஐபோன்ல நோட்ஸ் ஆப்லயும், ஆண்ட்ராய்டுல கூகுள் டிரைவ்லயும் ஸ்கேன் வசதி இருக்கு. வெள்ளைத் தாளை வெள்ளை மேஜையில வெச்சா ஓரம் எதுன்னு அதுக்குப் பிடிபடாது. கீழே கறுப்பா ஏதாவது விரிச்சுடுங்க. உங்க நிழல் தாள் மேல விழாம நில்லுங்க. நாலு மூலையையும் அதுவே பிடிச்சு, கோணலை நிமிர்த்தி, பிடிஎஃப் ஆக்கித் தந்துடும்.

இப்ப நான் ரொம்ப நம்புற சோதனைக்கு வரேன். மொபைல் டேட்டா, வைஃபை ரெண்டையும் அணைச்சுட்டு ஆப்பைத் திறந்து பாருங்க. சிக்னல் இல்லாத இடத்துல எது கை கொடுக்கும்னு வீட்டுல உக்காந்தே தெரிஞ்சுடும்.

[திரையில்: வரைபடத்தில் நகரும் நீலப் புள்ளி]

மேப்ல ஆரம்பிக்கலாம். டேட்டா இல்லாமலும் இந்த நீலப் புள்ளி நகரும், கவனிச்சிருக்கீங்களா? ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் வேண்டாம். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டுங்க சிக்னலை அனுப்பிக்கிட்டே இருக்கு. குறைஞ்சது நாலோட சிக்னலைப் பிடிச்சா போதும், நீங்க எங்க நிக்கிறீங்கன்னு போனே கணக்குப் போட்டுடும். முதல் தடவை மட்டும் கொஞ்சம் தாமதமாகும். சாட்டிலைட்டுங்க எங்கெங்க இருக்குங்கிற விவரத்தை வழக்கமா போன் இன்டர்நெட்ல எடுத்துக்கும். இப்ப அதையும் சாட்டிலைட் கிட்டேருந்தே வாங்கணும், அந்தத் தகவல் முழுசா வர ஏறக்குறைய அரை நிமிஷம் பிடிக்கும். திறந்த வெளியில நின்னு பொறுமையா பாருங்க.

புள்ளி வந்தாலும், அடியில மேப் இல்லைன்னா பிரயோஜனமில்லை. கூகுள் மேப்ஸ்ல உங்க படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸ் போய், வேண்டிய பகுதியை முன்னாடியே இறக்கி வெச்சுக்கோங்க. கார்ல போற வழியைக் காட்டும். நடந்து போற வழியை ஆஃப்லைன்ல காட்டாது. நடக்கிறவங்களுக்கு என் சிபாரிசு ஆர்கானிக் மேப்ஸ். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல தன்னார்வலர்கள் சேர்த்த விவரங்களை வெச்சு ஓடுறதால ஒத்தையடிப் பாதைகூடப் பல இடத்துல இருக்கும்.

மொழிபெயர்ப்பு ஆப்பும் அப்படித்தான், மொழியை முன்கூட்டியே இறக்கணும். ஆனா கணக்குல நுழையறப்ப பாஸ்வேர்டோட கேட்கிற ஆறு இலக்க எண்ணைத் தர்ற ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு எதையும் இறக்க வேண்டாம். ஒரு ரகசியச் சாவியையும் போன் கடிகாரத்தையும் வெச்சு, பொதுவா 30 விநாடிக்கு ஒரு எண்ணை அதுவே உண்டாக்கிக்குது. கடிகாரம் தப்பா ஓடினா எண்ணும் தப்பாயிடும், அதனால நேரத்தை ஆட்டோமேட்டிக்லயே விடுங்க.

[திரையில்: அனுமதி கேட்கும் பெட்டி]

அனுமதி கேட்டா கண்ணை மூடிக்கிட்டு ஓகே தட்டாதீங்க. ஆண்ட்ராய்டு 11 வந்ததுலேருந்து கேமரா, மைக், லொகேஷன் மூணுக்கும் "இந்த ஒரு முறை மட்டும்" அனுமதி தரலாம். சோதனை பண்ற நாள்ல அதையே கொடுங்க. மறுத்தாலும் வேலை செய்யுதுன்னா, அந்த அனுமதி அதுக்குத் தேவையே இல்லை.

பிடிக்கலையா? எடுத்துடுங்க, ஆனா வரிசை முக்கியம். இலவசச் சோதனைக் காலம்னு சேர்ந்திருந்தா, ஆப்பை அழிச்சாலும் சந்தா நிக்காது, பணம் பிடிப்பாங்க. முதல்ல ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு, சந்தா பகுதியில ரத்து பண்ணுங்க. அடுத்து ஆப்புக்குள்ள போய் கணக்கை அழிங்க. அதுக்கப்புறம் அன்இன்ஸ்டால்.