எடை வேறு, நிறை வேறு: அந்த அலமாரியைத் திறங்கள்

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன் முக்கால் மணி நேரம் பேசியும் ஒருவரைக்கூடத் தூங்கவிடாத சிறப்பு விருந்தினர் அவர்களே, தலைமை ஆசிரியர் அம்மையார் அவர்களே, அறிவியல் மன்றச் செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கியை மூன்று முறை தட்டிப் பார்த்துக் கொடுத்த தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். செயலாளர் என்னைக் 'கனமான பேச்சாளர்' என்று அறிமுகம் செய்தார். என் நிறையைச் சொன்னாரா, எடையைச் சொன்னாரா என்று அவர் விளக்கவில்லை. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நிறை, எடை என்றால் என்ன. இரண்டையும் நாம் ஏன் குழப்புகிறோம். விண்வெளியில் எடையின்மை எப்படி வருகிறது. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான் கைவசம் இருக்கிறது: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என்னோடு பழகியவர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், இன்னும் வரும்.

ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறதோ அது நிறை. தள்ளினால் அந்தப் பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. கிலோகிராமில் சொல்கிறோம். எடை என்பது அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசை. அதற்கு அலகு நியூட்டன். 60 கிலோகிராம் நிறை உள்ளவர் பூமியில் 588 நியூட்டன், நிலவில் சுமார் 97 நியூட்டன். ஆள் அதே ஆள்தான், நிலவின் இழுப்புதான் குறைவு. நிலவில் ஒரு இரும்புக் குண்டை அலட்சியமாகத் தூக்கிவிடலாம். காலால் எட்டி உதைத்தால் மட்டும் பூமியில் எப்படி வலிக்குமோ அப்படியே வலிக்கும்.

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு பையன் எழுந்து, "சார், நிறை மாறாது, எடை மாறும் என்று எழுதிவிட்டேன். மாறி நான் பார்த்ததே இல்லையே?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நானும் பார்த்ததில்லை. மறுநாள் முள் வைத்த எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஆறு பிள்ளைகளோடு பல மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுக்குள் போனேன். இயந்திரத்தின் மேல் நான் நின்றேன். முள் 72. கதவு மூடி லிஃப்ட் மேலே கிளம்பிய நொடியில் முள் துள்ளி 79-ஐத் தொட்டது. "சார் குண்டாயிட்டார்!" என்று ஒரு கூச்சல். சீராக ஏறும்போது மறுபடி 72. மேல்தளத்தில் நிற்கப் போகும்போது 65. "சார் இளைச்சிட்டார்!" அப்புறம் யார் விடுவார்கள்? ஆளுக்கு ஒரு முறை ஏறி இறங்கினார்கள். ஒன்பதாவது நடையில் கதவு திறந்தால் காவலாளி நிற்கிறார், அவருக்குப் பின்னால் லிஃப்டுக்காகக் காத்திருந்த ஒரு கூட்டமே நிற்கிறது. வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. பாதித் திட்டில் அந்தப் பையன், "அண்ணே, நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்றான். அவர் ஏறினார்! முள் துள்ளியதும் குனிந்து தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இயந்திரம் காட்டியது 'தோற்ற எடை' என்று பாடநூல் திருத்தும். திருத்தட்டும். பூமியின் இழுப்பு அந்த லிஃப்டுக்குள் மாறவில்லை, தரை என்னைத் தாங்கிய விசைதான் கூடிக் குறைந்தது. ஆனால் அந்த ஆறு பிள்ளைகளும் இனிமேல் நிறையையும் எடையையும் குழப்ப மாட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சரி, இரண்டாவது. குழப்பத்துக்கு நம் வாயும் ஒரு காரணம். எடை எவ்வளவு என்று கேட்டால் கிலோவில் பதில் சொல்கிறோம். கிலோகிராம் நிறையின் அலகு, எடை விசையின் இனம் என்று 1901-இலேயே எடை, அளவைகளுக்கான பொது மாநாடு அறிவித்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: தமிழகப் பாடநூலில் 'நிறை' என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல் 'திணிவு' என்கிறது; அங்கே 'நிறை' என்றால் நாம் சொல்லும் எடை. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போடலாம்.

தராசிலும் இரண்டு சாதி உண்டு. இரண்டு தட்டுத் தராசு படிக்கல்லோடு ஒப்பிடுகிறது, அதனால் நிலவிலும் அதே விடைதான். சுருள்வில் தராசு இழுப்பை அளக்கிறது, நிலவில் ஆறில் ஒரு பங்குதான் காட்டும். இந்த இரண்டும் எத்தனை ஆய்வகங்களில் பூட்டிய அலமாரிக்குள் கிடக்கின்றன! உடைந்துவிடும் என்ற பயத்தில் பூட்டிவைக்கிறோம். பூட்டியே வைத்துத் துருப்பிடித்த வில்லை நானே பார்த்திருக்கிறேன். ஒரு சுருள்வில் தராசு உடைந்தால் நட்டம் ஒரு தராசுதான் ஐயா.

மூன்றாவதாக எடையின்மை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலும் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆகவே அது அடுத்த கூட்டத்துக்கு. ஒன்று மட்டும்: 1973-இல் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில், மிதக்கும் இடத்தில் தராசு உதவாது என்பதால், விண்வெளி வீரர்கள் வில் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடி, ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு தங்கள் நிறையைக் கண்டார்கள். அங்கேயும் ஏடு போதவில்லை, நாற்காலி வேண்டியிருந்தது!

தலைமை ஆசிரியர் அம்மையார் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆய்வக அலமாரியின் சாவி வகுப்பு மாணவர் ஒருவரிடம் இருக்கட்டும். நான் நான்கு சுருள்வில் தராசுகள் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் பக்க மேசையில் இருக்கின்றன, பக்கத்தில் கற்களும் இருக்கின்றன. தொங்கவிட்டுச் சட்டென்று மேலே தூக்கிப் பாருங்கள், முள் என்ன செய்கிறது என்று. வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.