திறக்கும்போதே அழிவது

வணக்கம் நேயர்களே. பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறப்பது பற்றித்தான் இன்றைய பேச்சு. ஓப்பன் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் கோப்பின் பெயர், ஒரு காற்புள்ளி, பிறகு ஒரே ஓர் எழுத்து. படிக்க ஆர், எழுத டபிள்யூ, இருப்பதன் கடைசியில் சேர்க்க ஏ. அவ்வளவுதானே என்று தோன்றும்.

ஆனால் இந்த டபிள்யூ இருக்கிறதே, இது எழுதும்போது பழையதை அழிப்பதில்லை. திறக்கும்போதே அழித்துவிடுகிறது. மறுபடியும் சொல்கிறேன், திறக்கும்போதே! ஓர் எழுத்துகூட எழுதாமல் மூடினாலும் கோப்பு காலிதான். எச்சரிக்கை கிடையாது, ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் அகப்படாது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு ஒரு பேர்போன உதாரணம் உண்டு. பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்த சார்ட் கட்டளை கொடுத்து, விடையை அதே கோப்புக்குத் திருப்பிவிடுவார்கள். சார்ட் ஓடுவதற்கு முன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்னும் நிரல் அந்தக் கோப்பைத் திறந்து காலியாக்கிவிடும். பிறகு சார்ட் வரும், பட்டியலில் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காக வரிசைப்படுத்திவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் போய்விடும். உள்ளே வாங்கிய கோப்பிலேயே விடையை எழுத, சார்ட்டில் சிறுகோடு ஓ என்று தனி வழியே வைத்திருக்கிறார்கள்.

அழிக்காமல் திருத்த ஆர் பிளஸ் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் அது முதலிலிருந்து மேலெழுதும். கோப்பில் 1250 இருக்கிறது, நீங்கள் 90 எழுதுகிறீர்கள், கிடைப்பது 9050. புதிய கோப்பு மட்டுமே வேண்டுமென்றால் எக்ஸ் நல்லது. 2012இல் வந்த பைத்தான் 3.3இலிருந்து இருக்கிறது; அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் திறக்கவே மறுத்துவிடும். இதை ஏன் இவ்வளவு பேர் கண்டுகொள்வதில்லையோ!

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கிச் சேமிக்கும் யூடிஎஃப் எட்டு என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் குறியீடுகள் ஐந்து, ஆக 15 பைட். என்கோடிங், அதாவது எழுத்தைப் பைட்டாக்கும் முறை, எதுவென்று சொல்லாமல் திறந்தால், பைத்தான் 3.14 வரை, கணினியின் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளும். பல விண்டோஸ் கணினிகளில் அது 1252 என்னும் மேற்கத்திய எழுத்து அட்டவணை. அதை வைத்துத் தமிழைப் படித்தால் முதல் புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டாமலே நிரல் நின்றுவிடும். புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. எழுதப்போனால் இன்னும் மோசம்: டபிள்யூ முதலில் கோப்பைக் காலியாக்கும், பிறகு தமிழ் எழுத்தைக் கண்டு பிழை எழும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகவே என்கோடிங் சமம் யூடிஎஃப் சிறுகோடு எட்டு என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

நேரம் முடிகிறதென்று சைகை வருகிறது. மூடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கிவிடுகிறேன். எழுதியது உடனே வட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தில் சேர்ந்து நிற்கும். நடுவில் நிரல் செத்தால் கடைசி வரிகள் காணாமல் போகும். வித் என்று தொடங்கித் திறந்தால், உள்ளே பிழை வந்தாலும் கோப்பு மூடப்படும். முக்கியமான கோப்பென்றால் அதே கோப்புறையில் வேறு பெயரில் எழுதி, மூடி, பிறகு ஓஎஸ் டாட் ரீப்ளேஸ் கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். நன்றி, வணக்கம்.