சக்கைக்கு நிலக்கரி: புகளூர் காகித ஆலையின் கணக்கு

(காட்சி: கரும்புச்சாறு வண்டி. உருளைகளுக்கு நடுவிலிருந்து சக்கை வெளியே வருகிறது.)

கரும்புச்சாறு கடையில் மூன்றாவது முறையும் மடித்துப் பிழியப்பட்டு வெளியே வரும் சக்கையை எடுத்து, விரலால் பிரித்துப் பாருங்கள். தோலை ஒட்டிய பகுதியில் இழுத்தால் எளிதில் அறாத நீள நார்கள் இருக்கும். நடுவில் நசுக்கியதும் பொடிந்துபோகும், பஞ்சு போன்ற ஒரு பொருள் இருக்கும். கற்றாழைச் சோறு என்று சொல்வதைப் போல இதையும் சோறு என்றே சொல்லலாம். நாரிலிருந்து காகிதம் வரும், சோற்றிலிருந்து வராது. போதாக்குறைக்கு அது ரசாயனத்தை வீணாக உறிஞ்சிக்கொள்ளும், காகிதக் கூழிலிருந்து நீர் வடிவதையும் தடுக்கும். சக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தச் சோறுதான் என்பதால், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய முனைபவர்கள் முதலில் இதை நீக்கியாக வேண்டும்.

(காட்சி: காவிரிக் கரை, புகளூர். தொலைவில் ஆலையின் புகைபோக்கிகள்.)

தமிழ்நாடு அரசு 1979ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சுருக்கமாக டி.என்.பி.எல்., இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியது. உலக வங்கியின் கடனுதவியோடு இன்றைய கரூர் மாவட்டத்தின் புகளூரில் எழுந்த ஆலை, 1984இல் ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி உருவான ஊருக்குக் காகிதபுரம் என்றே பெயர் வந்தது. 1990களின் நடுவில் இரண்டாவது இயந்திரம் வந்தபோது திறன் இரு மடங்காகி 1,80,000 டன்னைத் தொட்டது. 2011இல் மூன்றாவது இயந்திரம் சேர்ந்ததும் அது 4,00,000 டன்னாக உயர்ந்தது.

இந்த எண்களைக் கேட்டால் புதிய இயந்திரங்களை வாங்கியதுதான் இந்த ஆலையின் கதை என்று தோன்றும். என் கணிப்பில் இதன் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு ஓர் இயந்திரமே அல்ல, சர்க்கரை ஆலைகளோடு போட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம்.

(காட்சி: சர்க்கரை ஆலையின் பாய்லர் முன் மலைபோல் குவிந்த சக்கை.)

நூறு கிலோ கரும்பை அரைத்தால் முப்பது கிலோ அளவுக்குச் சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது குப்பை, ஆனால் சர்க்கரை ஆலைக்கு அதுதான் எரிபொருள். சாற்றைச் சுண்டக் காய்ச்சவும் விசையாழியைச் சுழற்றவும் தேவையான நீராவியை அந்தச் சக்கையை எரித்துத்தான் ஆலை பெறுகிறது. ஆகவே "உங்கள் சக்கையை எனக்கு விற்றுவிடுங்கள்" என்று காகித ஆலை போய்க் கேட்டால், "அப்படியானால் என் அடுப்பில் எதைப் போடுவது?" என்ற கேள்விதான் பதிலாக வரும். அதற்கு டி.என்.பி.எல். தந்த விடை எளிமையானது: சர்க்கரை ஆலைகளில் நிலக்கரியில் எரியும் பாய்லர்களைத் தானே நிறுவி, நிலக்கரியையும் தானே தந்து, அவர்களுக்கு வேண்டிய நீராவியைக் கொடுத்துவிட்டுச் சக்கையை எடுத்துக்கொள்வது. ஒரு டன் நல்ல நிலக்கரி தரும் வெப்பத்தைப் பெற இரண்டு டன்னுக்கும் மேல் ஈரச் சக்கையை எரிக்க வேண்டும் என்பதால், பண்டமாற்றுக் கணக்கு இரு தரப்புக்கும் ஒத்துவந்தது. ஆனால் காகித ஆலையின் முதலீட்டில் ஒரு பகுதி, தனக்குச் சொந்தமில்லாத இன்னோர் ஆலையின் வளாகத்துக்குள் போய் உட்கார்ந்தது. வங்கிக்காரர் எவரும் இதைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தியிருப்பார்.

அடுத்த சிக்கல் காலம். கரும்பு அரவை சில மாதங்கள்தான் நடக்கும், காகித இயந்திரமோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். சர்க்கரையின் மிச்சம் ஒட்டியிருக்கும் சக்கையைச் சும்மா குவித்துவைத்தால் நொதித்து, சூடேறி, நாரே கெட்டுவிடும். ஆகவே நீரோடு கலந்து பம்ப் செய்து, கான்கிரீட் தளத்தில் நெருக்கமாகக் குவித்து, எப்போதும் நனைந்தபடியே வைக்கும் ஈரச் சேமிப்பு முறையை இத்தகைய ஆலைகள் கையாள்கின்றன. காற்று புகாத குவியலுக்குள் நார் பல மாதங்கள் தாங்கும்.

பிரித்தெடுத்த சோறு பாய்லருக்குப் போகிறது. நார், ரசாயனத்தோடு வேக வைக்கும் கலனுக்குப் போகிறது. மரச் சில்லுகள் வேகச் சில மணி நேரம் ஆகும் இடத்தில், சக்கை நார் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். வெந்த பிறகு கூழைப் பிரித்தெடுத்தால், மரத்தையோ நாரையோ கட்டிப்பிடித்திருந்த லிக்னினில் பெரும்பகுதி கரைந்த கருநிறத் திரவம் மிஞ்சுகிறது. தொழிற்சாலையில் இதன் பெயர் பிளாக் லிக்கர். உள்ளே போன பொருளில் ஏறத்தாழ பாதி இந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. இதை ஆற்றில் விட்டால் ஆறு சாகும். கெட்டியாக்கி மீட்பு பாய்லரில் எரித்தால் லிக்னின் நீராவியும் மின்சாரமும் ஆகிறது, அடியில் உருகி வழியும் உப்பிலிருந்து நாரை வேக வைத்த ரசாயனமும் திரும்பக் கிடைக்கிறது. 1930களில் உருப்பெற்ற இந்தப் பாய்லர் ஒரு கூழ் ஆலையின் மிக விலையுயர்ந்த கருவிகளில் ஒன்று. இது கட்டுப்படியாக வேண்டுமானால் ஆலை ஓரளவு பெரியதாக இருந்தாக வேண்டும். சிறு ஆலைகள் பல பிளாக் லிக்கரை மீட்க முடியாமல் கூழ் சமைப்பதையே கைவிட்டுப் பழைய காகிதத்துக்கு மாறியதற்குக் காரணம் இதுதான்.

(காட்சி: சுண்ணாம்புச் சேறு, அதன்மேல் சிமென்ட் மூட்டை மெல்லத் தோன்றுகிறது.)

அந்த உப்பை மறுபடி நாரை வேக வைக்கும் காரமாக (அல்கலியாக) மாற்றச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். வேலை முடிந்ததும் அது சுண்ணாம்புச் சேறாகப் படிகிறது. மரக்கூழ் ஆலை அதைச் சூளையில் சுட்டு மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும். சக்கையில் மரத்தைவிட சிலிக்கா அதிகம் என்பதால், சுற்றுக்குச் சுற்று அந்தச் சிலிக்கா சேர்ந்துகொண்டே போகும், ஆகவே சேற்றில் ஒரு பகுதியை வெளியேற்றியே ஆக வேண்டும். ஆனால் சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்தால் சிமென்டுக்கான மூலப்பொருள். டி.என்.பி.எல். தன் வளாகத்திலேயே ஒரு சிமென்ட் ஆலையை அமைத்து, இந்தச் சேற்றையும் பாய்லரின் உலைச் சாம்பலையும் அதில் செலுத்தியது. சக்கையைக் கழுவிய நீரிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு மீத்தேன் எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் எண்ணெய்க்குப் பதில் எரிக்கும் அமைப்பும் 2000களின் தொடக்கத்திலேயே வந்தது. சுத்திகரித்த கழிவுநீர் சுற்றுவட்டார விவசாயிகளின் சங்கம் வழியாக வயல்களுக்குப் பாய்கிறது.

இவற்றுள் எல்லாமே தானாக மலர்ந்த அக்கறை என்று சொல்லிவிட முடியாது. 2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழில்துறையும் ஏற்ற சாசனம், 1992க்கு முந்தைய பெரிய ஆலைகள் ஒரு டன் காகிதத்துக்கு வெளியேற்றும் கழிவுநீரை இரண்டு ஆண்டுகளில் 140 கன மீட்டருக்குள்ளும், நான்கு ஆண்டுகளில் 120 கன மீட்டருக்குள்ளும் கொண்டுவரச் சொன்னது. வெளுப்பதற்குக் குளோரின் வாயுவைப் பயன்படுத்துவதால் உருவாகும் நச்சுக் கரிமச் சேர்மங்களுக்கும் வரம்பு வந்தது. குளோரின் வாயு இல்லாத வெளுப்பு முறைக்கு டி.என்.பி.எல். 2008இல் மாறியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

(காட்சி: ஓடும் காகித இயந்திரம். ஈர முனையிலிருந்து உலர் முனை வரை.)

இனி நீர். இயந்திரத்தின் கம்பி வலைமேல் பாயும் கூழில் நார் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, மீதியெல்லாம் நீர். வலையில் வடிந்து, அழுத்து உருளைகளில் பிழியப்பட்டு, கடைசியில் நீராவியால் சூடான உருளைகளின்மேல் காய்கிறது. பிழிவது மலிவு, காய வைப்பது செலவு. பிழிந்த தாளில் நார் 40 சதவீதம் இருந்தால், ஒவ்வொரு டன் நாருக்கும் ஒன்றரை டன் நீர் தாளோடு உலர்த்தும் பகுதிக்குப் போகிறது. அதுவே 50 சதவீதமானால் ஒரு டன் நீர்தான். 1980களில் வந்த காலணி வடிவ அழுத்துக் கருவி, தாளை இன்னும் சற்று நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து, உலர்த்தும் பகுதிக்குப் போகும் நீரைக் குறைத்தது. ஒரே ஒரு சதவீதம் கூடுதலாகப் பிழிந்தாலும் உலர்த்தும் நீராவியில் சுமார் 4 சதவீதம் மிச்சமாகும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

இவ்வளவு நேர்த்தியாகப் பின்னிய ஏற்பாட்டில் இழை தளர்ந்தது வெளியிலிருந்துதான். சர்க்கரை ஆலைகள் உயர் அழுத்தப் பாய்லர்களை நிறுவி, சக்கையை எரித்து மின்சாரம் செய்து மின்கட்டமைப்புக்கு விற்கத் தொடங்கின. அதுவரை நிலக்கரிக்கு மாற்றாகக் கொடுத்துக்கொண்டிருந்த சக்கைக்கு இப்போது யூனிட் கணக்கில் ஒரு விலை வந்துவிட்டது. 2016இல் பருவமழை பொய்த்தபோது கரும்புப் பரப்பும் சுருங்கியது.

அந்த வறட்சிக்கு முன்பே ஆலை மரத்தின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. தைலமரத்தையும் சவுக்கையும் நல்ல தாய்மரங்களிலிருந்து நாற்றாக எடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்து, வளர்ந்ததும் திரும்ப வாங்கும் பண்ணைக் காடுத் திட்டம் 2000களின் நடுவில் தொடங்கியது. இரண்டாவது ஆலை 2016இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில், ஆண்டுக்கு 2,00,000 டன் அட்டை செய்யும் திறனோடு எழுந்தது. செய்தித்தாளின் பெயரைத் தாங்கிய நிறுவனம் மருந்துப் பெட்டிக்கும் சோப்பு உறைக்கும் அட்டை செய்கிறது. மரம் மானாவாரி நிலத்தில் வளர்ந்துவிடும். கரும்பைப் போல அது வாய்க்கால் நீரை நம்பி நிற்பதில்லை. ஆனால் புகளூரில் அந்த மரத்தை வேக வைக்கவும், கழுவவும், வலைமேல் பாய்ச்சவும் வேண்டிய நீர் இன்னும் காவிரியிலிருந்துதான் வருகிறது.